வரிசையில் என் இடது பக்கம்

என் இடது முழங்கால் கெட்டது 1974இல். மாதம் சொல்ல எனக்கு இரண்டு கணக்கு உண்டு. தமிழ்க் கணக்கில் ஐப்பசி. எங்கள் கணக்கில் ஷவ்வால், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு. கிழமை வியாழனா வெள்ளியா என்பதில் மட்டும் சந்தேகம். வெள்ளியாக இருந்தால் ஜும்ஆவை விட்டுவிட்டு வெளியூர் போயிருக்க மாட்டேன் என்பதால் வியாழன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அப்போது எங்கள் கடலோர ஊரில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பழைய நெல் இருப்புப் பார்த்து வர ஆர்.எஸ்.மங்கலத்துக்கு அனுப்பினார்கள். கண்மாய்க் கரைக்கு முன்னாலேயே பஸ்ஸை மெதுவாக்கி, "எறங்கு எறங்கு" என்றார் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குவது அந்த வயதில் ஒரு வேலையே இல்லை. முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் சேறு என் இடது பாதத்தைக் கவ்விக்கொண்டது. உடம்பு மட்டும் பஸ் போன பக்கம் திரும்பியது. முட்டிக்குள் ஈரத்துணி கிழிவதுபோல ஒன்று கேட்டது.

எலும்பு முறியவில்லை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் முட்டை வெள்ளையும் உளுந்த மாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்க்கும்போது வீடு முழுக்க நாறியது. வீக்கம் வடிந்தது. நடக்கவும் நடந்தேன். சமதரையில் அந்தக் கால் யோக்கியமாக இருக்கும். சரிவிலோ படியிலோ சட்டென்று திரும்பும்போதோ, முட்டி தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். "விலகுது" என்பேன் மனைவியிடம். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் அன்று முதல் எனக்கு இடது பக்கமாகவே நடந்தாள். படி இறங்கும் இடத்தில் அவள் தோள் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். முப்பது வருடம் இப்படிப் போனது. தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தெருக்கோடியில் இருந்த அவளுடைய ராத்தா, மூத்த அக்கா, வீட்டுக்கு நடந்து போவோம், இருட்டுவதற்குள் திரும்புவோம். என் காலுக்குக் கிடைத்த வேலை அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவள் மவுத்தாகிப் போய்ச்சேர்ந்தது 2005 மாசியில், முஹர்ரம் மாதம். மகன் துபாயிலிருந்து வந்தான். மகளும் அவள் கணவரும் சென்னையிலிருந்து வந்தார்கள். இருவருமே தங்களோடு வரச் சொன்னார்கள். வரவில்லை என்றேன். அதற்கு ஒரு காரணம் சொல்லியிருப்பேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன். ராமநாதபுரம் நூலகத்திலிருந்து எடுத்துவந்து அடுத்த இரண்டு வருடத்தில் படித்த புத்தகங்களை அடுக்கினால் என் இடுப்புக்கு வரும். கடற்பயணம், துறைமுகங்களின் சரித்திரம், பழைய கல்வெட்டுகள். படித்ததை யாரிடமாவது சொல்லலாம் என்று தலை நிமிர்ந்தால் எதிரே சுவர்தான் இருக்கும்.

எப்போதாவது நூலகத்துக்குப் போனதைத் தவிர, வீட்டை விட்டு நான் கிளம்பியது பள்ளிவாசலுக்கு மட்டும், ஐந்து வேளையும். எங்கள் தெருப் பள்ளி, கூப்பிடு தூரம். அங்கே கூட்டுத் தொழுகையில் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. தோளோடு தோள், பாதத்தோடு பாதம்; நடுவில் இடம் விடக்கூடாது. இமாம் ஒவ்வொரு வேளையும் திரும்பிப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். யாராவது நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஓர் அடி வைத்து அந்த இடத்தை அடைப்பார். சின்ன வயதிலிருந்து செய்வதால் இதை யாரும் யோசிப்பதில்லை. மனைவி போன பிறகு எனக்கு யோசனை வந்தது. ஒரு நாளில் என்மேல் இன்னொரு மனித உடம்பு படுவது அந்த வரிசையில் மட்டும்தான். சிலருக்கு வியர்வை, சிலருக்கு அத்தர், மீன் வாடியிலிருந்து வருபவர்களுக்கு அந்த வாடை. எல்லாம் எனக்கு வேண்டியிருந்தது.

2006 கார்த்திகையில் ஒரு மஃக்ரிப், அந்தித் தொழுகை. தொழுகையின் இரண்டாவது சுற்றான ரக்அத்துக்காக, நெற்றி தரையில் படும் சஜ்தாவிலிருந்து எழுந்தபோது முட்டி விலகிவிட்டது. இடது பக்கம் நின்றவர் மேல் சாய்ந்தேன். அவர் அடுத்தவர் மேல் சாய, அவர் இன்னொருவரின் சட்டையைப் பிடித்திழுக்க, வரிசையின் அந்தப் பக்கம் முழுக்கக் கலைந்துபோயிற்று. என் இடது பக்கம் நின்றது எங்கள் தெரு முனையில் பெயிண்டுக் கடை வைத்திருப்பவர். எனக்கு ஒருவகையில் மருமகன் முறை. தொழுகை முடிந்ததும் என்னைத் தூணில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, "மாமா, எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க பயப்படாதீக" என்றார். அவர் முழங்கை சிராய்த்திருந்தது.

அன்றே அவர் துபாய்க்குப் போன் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் பள்ளியில் ஒரு நாற்காலி இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக், கை வைத்தது. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் மின்விசிறி, கடிகாரம், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் கொடுத்தவரின் பெயர் எழுதியிருக்கும். நாற்காலியின் முதுகிலும் எங்கள் வீட்டுப் பெயரும் மகன் பெயரும் சிவப்புப் பெயிண்டில் இருந்தன. பெயிண்டுக் கடை மருமகனே எழுதியது, நல்ல கையெழுத்து.

"இதுல உக்காந்து தொழுங்க மாமா. ஆலிம்சாகிட்டக் கேட்டுட்டேன்."

மார்க்கம் படித்த ஆலிம்சாவும் வந்து, அண்ணனைக் கூப்பிடும் முறையில் சொன்னார். "முடியாதவங்க உக்காந்து தொழலாம், அதுவும் முடியாதவங்க படுத்துத் தொழலாம். நன்மைல ஒண்ணும் குறையாது காக்கா. மனசுல வச்சுக்காதீக."

குறையாது என்று எனக்கும் தெரியும். எது குறைகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்காலி வரிசைக்குள் நிற்காது. பின்னால் இருப்பவருக்கு இடைஞ்சல். ஆகவே கடைசி வரிசைக்கும் பின்னால், சுவர் மூலையில் போட்டார்கள். பள்ளிக்குக் கொடுத்த பொருளை வீட்டுக்குத் தூக்கிப்போகவும் முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மகன் வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்பான்: "வாப்பா, நாற்காலி சௌகரியமா இருக்கா?" சௌகரியமாக இருக்கிறது என்பேன். அவனுக்கு அங்கிருந்து செய்ய முடிந்த ஒன்றை அவன் செய்திருந்தான். அந்த மூலையிலிருந்து எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். முதுகுகள் சேர்ந்து குனியும், சேர்ந்து மறையும், சேர்ந்து எழும்.

2007 தை மாதம் நானாகவே ராமநாதபுரத்துக்குப் போய் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். அவர் இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தார். இடது தொடை பார்த்த மாத்திரத்திலேயே மெலிந்து தெரிந்தது. நான்தான் அதுவரை பார்க்கவில்லை.

"உள்ள கிழிஞ்சது பழசு. அதோட முப்பது வருஷம் நடந்திருக்கீங்க. இப்பத் தாங்கலைன்னா, தாங்கிட்டிருந்த சதை போயிருச்சுன்னு அர்த்தம். ரெண்டு வருஷத்துல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலையே டாக்டர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததால் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே பிசியோதெரபி செய்பவர் ஓர் இளம்பெண். உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமம், கோயம்புத்தூரில் படித்தவர். பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருந்தன.

"அய்யா, உங்களுக்கு என்ன செய்ய முடியணும்? மாடி ஏறணுமா, பஸ் ஏறணுமா, பேரப்புள்ளையத் தூக்கணுமா?"

"தொழுகை வரிசையில நிக்கணும்மா."

"நல்லாத்தானே நிக்கிறீக?"

"நின்னா மட்டும் போதாது. குனியணும், நிமிரணும், தரைக்குப் போகணும், அங்கேயிருந்து எந்திரிக்கணும். எல்லாரும் எந்திரிக்கிறப்பவே எந்திரிக்கணும்."

"செஞ்சு காட்டுங்க."

எனக்குத் தயக்கமாக இருந்தது. சக்கரம் இல்லாத சைக்கிளும், சுவரில் மாட்டிய இரும்பு வளையமும், கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளும் இருந்த அறை அது. ஓதாமல், உடம்பால் மட்டும் மெதுவாகச் செய்து காட்டினேன். அந்தப் பெண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் முட்டியை மட்டும் பார்த்தார். எழும்போது கையை நீட்டினார்.

"நில்லுங்க, நில்லுங்க. இங்கனதான். எந்திரிக்கையில முட்டி உள்ளுக்குச் சாயுது பாருங்க. வலது காலுதான் உங்களைத் தூக்குது. இடது சும்மா கூட வருது."

"முப்பது வருசமா அப்படித்தாம்மா."

"செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீக. இனி அதுக்கு வேலை வைப்போம்."

கழுத்துப் பட்டை அம்மாள் சிரித்துவிட்டார். கழுத்து வலித்தது போலிருக்கிறது, உடனே நிறுத்திக்கொண்டார்.

வேலை எளிமையானதுதான். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குவது. மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் தூக்கி, அப்படியே நிறுத்துவது. கொஞ்ச நாளில் கணுக்காலில் பாரம் கட்டச் சொன்னார். மணல் பை வாங்க வேண்டும் என்றார்; நான் ஒரு கிலோ கல்லுப்புப் பொட்டலத்தைப் பழைய தாவணித் துணியில் முடிந்து கட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு கசிந்து படுக்கை முழுக்க ஈரமாகும். அதன்பின் கட்டிலில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார்வது. எழும்போது முட்டி கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் பீரோக் கண்ணாடிக்கு எதிரே கட்டிலை இழுத்துப் போட்டேன். எண்ணுவதற்கும் ஆள் இல்லை. நானே வாய்விட்டு எண்ணினேன். சில நாள் காலையிலிருந்து என் குரலை நானே கேட்பது அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கடினமானது ஒற்றைக்காலில் நிற்பது. தெருப்பக்கத்துச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி, இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். கம்பியை மெல்ல விடவேண்டும். விட்டால் முட்டி நடுங்கும். நடுக்கம் இடுப்பு வரை ஏறும். ஒரு நாள் எதிர்வீட்டு ராத்தா தன் வாசலிலிருந்து பார்த்துவிட்டார்.

"என்ன காக்கா, தெனமும் இந்நேரம் சன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக? யாரும் வாராகளா?"

"யாரும் வரலை ராத்தா. காலுக்குப் பயிற்சி."

"நான் மகன்தான் வாரான்னு நெனச்சேன். சட்டியில கூடுதலா ஒலை வைக்கலாம்னு பார்த்தேன்."

உள்ளே போய்விட்டார். நான் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன், இரண்டு காலிலும்.

2007 நோன்புக்குள் வரிசைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். புரட்டாசியில் வந்தது நோன்பு. அதற்கு முன் அவசரப்பட்டுப் படியில் ஏறி இறங்கியதில் முட்டி பலாச்சுளை போல வீங்கி, அந்த மாதம் முழுக்க மூலை நாற்காலியில் போயிற்று. இரவுத் தொழுகைக்குப் பள்ளி நிரம்பி வழியும். என் நாற்காலியைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அளவுக்கு வெறுந்தரை. ராமநாதபுரத்தில் அந்தப் பெண் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சதை வளர்றது பயிர் வளர்ற மாதிரிதான்யா. இழுத்து விட்டா நீளுமா?" என்றார். ஐஸ் வைக்கச் சொல்லி, பழைய பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

2008 பங்குனியில் மணலில் நடக்கச் சொன்னார். "கடலோரத்துல இருந்துக்கிட்டு மணல்ல நடக்க மாட்டேங்குறீகளே" என்று கேலியும் செய்தார். எங்கள் தெரு ஆட்கள் கடலைப் பார்த்து வீடு கட்டியவர்கள் அல்லர். கடலில் சம்பாதித்து, கடலுக்கு முதுகு காட்டிக் கட்டியவர்கள். நானும் வளர்ந்த பிறகு கடற்கரையில் வேலையின்றி நடந்ததில்லை. முதலில் அலை நனைத்துப் போன இறுகிய மணலில் நடந்தேன். பிறகு படகுகளை ஏற்றிவைத்திருக்கும் பொதபொத மணலில். ஒவ்வோர் அடியும் ஒரு பக்கம் சரியும். சரிவதற்குள் தொடை அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கேட்டார்:

"என்ன பாய், தெனம் வந்து குனிஞ்சுக்கிட்டே நடக்குறீக. மோதிரம் கீதிரம் தொலைச்சுட்டீகளா?"

"தொடையைத் தொலைச்சுட்டேன்."

"அது இங்கன கெடக்காது. போய்க் கசாப்புக் கடையில கேளுங்க."

அவரோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வாரத்தில் என்னோடு யாரும் பேசிய நீளமான பேச்சு அது. மறுநாளும் அதே இடத்தில் நடந்தேன். அவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள்.

வைகாசியில் படுக்கை விரிப்பைக் கூடத்தில் விரித்து முழுத் தொழுகையும் தனியாகத் தொழுது பார்த்தேன். சஜ்தாவிலிருந்து எழும்போது முட்டி உள்ளுக்குச் சாயவில்லை. ஒரு தடவை நம்பாமல், பல நாள் பார்த்தேன். ஆனி முதல் வெள்ளி கழிந்து, ஒரு நண்பகல் லுஹர் தொழுகைக்கு நாற்காலியைத் தாண்டி நடந்து இரண்டாம் வரிசைக்குப் போனேன். வலது பக்கம் தூண் இருக்கும் இடமாகப் பார்த்து நின்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று. இடது பக்கம் பெயிண்டுக் கடை மருமகன்.

"மாமா, நாற்காலி அங்கன கெடக்கு."

"தெரியும்ப்பா."

"எடுத்துட்டு வரவா?"

"வேணாம். நிக்கிறேன்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். இமாம் திரும்பி, "தோளோட தோள் சேர்ந்து நில்லுங்க" என்று சொன்னார். வரிசை முழுக்க நெருங்கியது. மருமகன் மட்டும் நெருங்குவதற்குப் பதிலாக ஒரு முழம் தள்ளிப் போனார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் புரிந்துகொண்டு நகர்ந்து கொடுத்தார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் பாயின் பச்சைக் கோடு முழுதாகத் தெரிந்தது.

நான்கு ரக்அத்தும் நின்று, குனிந்து, எழுந்தேன். கால் தாங்கியது. முடிந்ததும் எல்லாரும் வந்து கைகொடுத்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்றார் ஆலிம்சா. நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. எங்கள் வீட்டுப் பெயர் எழுதியிருந்ததால் வேறு பெரியவர்கள் கூச்சப்பட்டார்கள்.

அன்றைக்கு அஸரிலும் அதே முழம். மறுநாளும். மருமகன் இல்லாத வேளைகளில் வேறு யார் நின்றாலும் அந்த இடத்தை விட்டே நின்றார்கள். என் காலில் பட்டுவிடக்கூடாது என்று ஊரே சொல்லிவைத்துக்கொண்டது போலிருந்தது. இடம் விடக்கூடாது என்று ஐந்து வேளையும் கேட்பவர்கள், மரியாதைக்காக எனக்கு மட்டும் விட்டார்கள். மூலையில் இருந்தபோது தூரம் அதிகம், அதனால் எதிர்பார்ப்பு இல்லை. இப்போது ஒரு முழத்தில் இருந்தது. ஆடி முழுக்க இப்படிப் போயிற்று. நெருங்கி வாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்க என்னால் முடியவில்லை. கால் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். அதற்கு மேல் ஏன் என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறேன்?

ஆவணியில், அந்த வருட நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒரு லுஹருக்கு வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் தாமதமாக வந்தார். தொழுகை தொடங்கிவிட்டது. நனைந்த கையை உதறிக்கொண்டே எங்கள் வரிசையைப் பார்த்தவருக்கு, என் பக்கத்தில் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் கண்ணில் பட்டிருக்கிறது. நேராக வந்து உள்ளே நுழைந்தார். கனத்த உடம்பு. தோள் என் தோளில் இடித்தது. அகன்ற பாதம் என் சுண்டுவிரலை மிதித்து, பிறகு ஒட்டி நின்றது. டீசல் வாடை. மருமகன் பதறுவது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. எழும்போதெல்லாம் அந்த மனிதர் என்மேல் சாய்ந்தே எழுந்தார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் அவரே பேசினார். "என்ன காக்கா, ஒரு ஆள் நிக்கிற எடத்தை விட்டுட்டு நிக்கிறீக? எங்க ஊர்ல சண்டைக்கே வந்துருவாங்க."

மருமகன் முந்திக்கொண்டார். "அவுகளுக்கு முட்டி சரியில்லப்பா. இடிச்சா விழுந்துருவாக."

"எந்த முட்டி? அம்புட்டு இடி இடிச்சேன், தூண் கணக்கா நின்னாக."

சொல்லிவிட்டு, லாரியை வெயிலில் நிறுத்தியிருப்பதாகக் கிளம்பிப் போய்விட்டார். அவரை மறுபடி நான் பார்க்கவில்லை.

அஸருக்கு வரிசை கூடியது. வலது பக்கம் தூண், இடது பக்கம் மருமகன், நடுவில் அதே முழம். இமாம் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் இடது பக்கமாக ஓர் அடி வைத்தேன். முட்டி கால்விரலுக்கு நேராகவே வந்தது. தூண் எனக்கு வலப்பக்கம் தள்ளித் தங்கிவிட்டது. மருமகன் மரியாதையாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் இனி இடமில்லை.

"மாமா," என்றார் மெதுவாக, "இடிக்குதா?"

"இடிக்கட்டும்ப்பா. இப்படியே நில்லு."

 அவர் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஈரப் பெயிண்டில் கால் வைப்பவர்போல, என் பாதத்தோடு கொண்டுவந்து சேர்த்தார். தோளில் அவர் பாரம் இறங்கியது. சட்டையில் டர்பன்டைன் வாசனை. தொழுகை முடிந்து அவர் கடை திறக்க எழுந்து போகும்வரை அது என் இடது பக்கத்தில் இருந்தது.